மழையில் போய்ப் பாருங்கள்

வணக்கம். மே மாதம் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ குடும்பத்தோடு போய்விட்டு வந்தவர்களில் சிலர், ஜூன் பிறந்ததும் எனக்குப் போன் செய்வார்கள். "சார், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வந்திருக்கு, அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" பழைய வீடுகளைப் பார்த்து நிலைமை சொல்லும் சிவில் இன்ஜினியர் நான், அதனால் என்னைக் கேட்கிறார்கள். அக்டோபர், நவம்பர் வரை பொறுங்கள், நாலு நாள் விடாமல் மழை பெய்யும்போது போகலாம் என்பேன். பாதிப் பேர் அப்புறம் கூப்பிடுவதில்லை.

இதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு பார்த்தால் நம் முதல் கேள்வியே 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான். அதே ஆள் மலை ஏறிவிட்டால், ஏரிக்கரை என்பதற்காகவே கூடுதலாகக் காசு கொடுக்கத் தயாராகிவிடுகிறார். கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதில்லை, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. சுற்றிலும் உள்ள சரிவுகளில் இறங்கும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சேர வேண்டும், நாம் வாங்கப் பார்க்கும் வீடோ சரிவுக்கும் ஏரிக்கும் நடுவில் நிற்கிறது.

சீசன் இல்லாதபோது விலை குறையுமா என்று கேட்பீர்கள். பேசிப் பார்க்கலாம். மே மாதம் அறையை நாள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர் இறங்கி வரமாட்டார், நவம்பரில் வீடு காலியாகக் கிடக்க, வாட்ச்மேன் சம்பளத்தைக் கையிலிருந்து போடும்போது கொஞ்சம் இறங்குவார். ஆனால் பத்திரப் பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு சீசன் கிடையாது. அதற்குக் கீழே விலை பேசி முடித்தாலும் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் அந்த மதிப்புக்குத்தான், 2023 ஏப்ரலிலிருந்து மொத்தம் 9 சதவீதம்.

விலையைவிட, மழையில் போனால் கண்ணால் பார்க்கக் கிடைப்பதுதான் பெரிது. மலை வீடு என்றால் பின்பக்கம் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். அதில் வரிசையாகத் துளைகள் விட்டிருக்க வேண்டும், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற. மழை நாளில் அந்தத் துளைகளில் தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். மண் ஊறிக் கிடக்கிறது, துளைகள் மட்டும் காய்ந்திருக்கின்றன என்றால் அடைப்பு. பின்னால் தேங்குகிற தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். வெயில் காலத்தில் அதன்மேல் கொடி படர்ந்து, பூப்பூத்து, போட்டோவுக்கு அழகாக இருக்கும்!

வீட்டுக்குள் போனதும் பீரோவையும் கட்டிலையும் நகர்த்தச் சொல்லுங்கள், ஓனர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் பொரிந்து, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு உதிரும். அப்புறம் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, பாத்ரூமில் ஃப்ளஷ் பண்ணுங்கள். ஏரிக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் மழைக் காலத்தில் செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண் உறிஞ்சாது, களக் களக் என்று சத்தம் போட்டுத் திரும்பி வரும். மே மாதத்தில் இதே பாத்ரூம் பிரமாதமாக வேலை செய்யும்.

எல்லை விஷயமும் இப்படித்தான். கோடையில் தண்ணீர் வற்றினால் கரை நீளும், "இதுவும் நம்ம இடம்தான் சார்" என்று புரோக்கர் கையை நீட்டிக் காட்டுவார். மழையில் ஏரியே வந்து எது தன்னுடையது என்று காட்டிவிடும். இருந்தாலும் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தின் நகலை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள், நீர்நிலைப் புறம்போக்கு ஓரடி உள்ளே வந்தாலும் தலைவலி. வில்லங்கச் சான்றிதழில் வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், இடம் புறம்போக்கா என்று சொல்லாது. மலைக் கிராமங்கள் பலவற்றில் கட்டடத்துக்கு ஹாக்கா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதியும் வேண்டும். மேல்மாடியைப் பிற்பாடு சேர்த்திருந்தால், அதற்கும் அனுமதி உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

வாராவாரம் போய்த் தங்குவோம் என்று சொல்லாத ஆளே இல்லை. சென்னையிலிருந்து சேலம் வரைக்கே சுமார் 340 கிலோமீட்டர், அதற்கப்புறம் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. ஆக, வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த வீட்டில் இருக்கப் போவது வாட்ச்மேன்தான். ஓனர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவரோடு ஒரு டீ குடியுங்கள். ராத்திரி கரண்ட் போனால் எப்போது வருகிறது, எந்த அறையில் ஒழுகுகிறது, போன வாரம் பார்க்க வந்தவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள் என்று கேட்டால், எனக்குக் கொடுக்கிற ஃபீஸில் பாதி உங்களுக்கு மிச்சம். வணக்கம்.