கொறங்காட்டில் இரண்டு உழைப்பாளிகள்: விதை எறும்பும் சாணி வண்டும்

[காட்சி: காங்கயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், மேயும் மாடுகள்.]

குரல்: மேய்ச்சல் நிலத்துக்குப் போனால் நம் கண் மாட்டின் மேலேயே நின்றுவிடும். இன்று கொஞ்சம் குனிந்து தரையைப் பார்ப்போம்.

[காட்சி: எறும்பு வளை. வாயைச் சுற்றி உமி.]

குரல்: வட்டமாகக் கிடப்பது புல் விதையின் உமி. விதையை இழுத்து வரும் எறும்புகள் அத்தனையும் பெண்கள். உள்ளே உமியை நீக்கி, விதையை அறைகளில் சேர்த்துவிட்டு, குப்பையை வெளியே கொட்டும். மழையில் சேமிப்பு நனைந்தால், வெயில் வந்ததும் வெளியே எடுத்துக் காயப்போடும். நாம் களத்தில் நெல் காயவைப்பதைப் போலத்தான்.

[காட்சி: புதுச் சாணி. ஒரு வண்டு பறந்து வந்து இறங்குகிறது.]

குரல்: இதுவும் அதே புல்லை நம்பித்தான் வாழ்கிறது, மாட்டு வயிற்றைத் தாண்டி வந்த புல்லை! முதுகில் ஓடுபோல் இருப்பது முன்னிறக்கை. பறக்க உதவும் மெல்லிய இறக்கை அதற்கடியில் மடிந்திருக்கும்.

உருட்டும் வகை வண்டு, தலையைக் கீழே வைத்து, பின்னங்கால்களால் சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கி நடக்கும். மற்ற வண்டுகள் பறித்துக்கொள்ளும் என்பதால் நேர்வழியில் சீக்கிரம் விலகியாக வேண்டும். எறும்புக்கு வாசனைத் தடம் உண்டு. வண்டுக்கு? தென்னாப்பிரிக்காவின் ஒரு வகை, இரவில் பால்வெளியின் ஒளியைப் பார்த்து நேராகப் போகிறது. 2013-இல் வெளியான ஆய்வில், தலையில் குட்டித் தொப்பி மாட்டி வானத்தை மறைத்ததும் வழி தடுமாறியது.

எறும்பு சேர்ப்பது கூட்டத்துக்கு. வண்டு புதைப்பது பெரும்பாலும் தன் பிள்ளைக்கு. உருண்டைக்குள் ஒரு முட்டை, அதில் வரும் புழுவுக்கு அந்த உருண்டையே சாப்பாடு, அதுவே வீடு.

எறும்பைப் புகழாதவர் இல்லை. ஆனால் சாணியை மண்ணுக்குள் இறக்கி எருவாக்குவதும், மாடு தின்ற வெள்வேல மரத்துக் காயின் விதையைச் சாணியோடு புதைப்பதும் இந்த வண்டுதான். எனக்கு இதன் மேல் மரியாதை ஒரு படி அதிகம்.

[காட்சி: காய்ந்து கிடக்கும் சாணி.]

குரல்: குடற்புழு நீக்க மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்து சாணியிலும் தங்கும். அதைத் தின்னும் வண்டுப் புழு செத்துவிடும். அதனால் மருத்துவர் தேவை என்று சொன்னால் மட்டும் போடுங்கள்.

அடுத்த முறை காட்டுக்குப் போகும்போது, இரண்டு நாள் பழைய சாணியைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் புதுமண்ணும் துளையும் தெரிந்தால், வண்டு உள்ளே இருக்கலாம்.