கைகாட்டிக்கு என் வாக்கு

அவைத் தலைவர் அவர்களுக்கும், சனிக்கிழமை மாலையை இந்த உரைக்காக ஒதுக்கி வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பிரிட்டிஷ் வடிவமைப்பின் தலைசிறந்த சின்னம் என்று ஒரே ஒரு பொருளைச் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள் என்பது எனக்குத் தரப்பட்ட கேள்வி. என் பதில் பலருக்கு ஏமாற்றமளிக்கலாம் என்பதால் அதை ஒளித்துவைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் சாலையோரங்களில் 1965ஆம் ஆண்டு முதல் நின்றுகொண்டிருக்கும் பலகைகளுக்கே, அதாவது நம் ஊர்ப் பேச்சில் கைகாட்டி என்று சொல்வோமே, அதற்கே என் வாக்கு.

இது நான் தொடங்கிவைக்கும் விவாதம் அன்று. 2006இல் பிபிசி தொலைக்காட்சியும் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகமும் இணைந்து இதே கேள்வியை மக்களிடம் கேட்டபோது கான்கார்டு விமானம் முதலிடத்தையும், லண்டன் சுரங்க ரயில் வரைபடம் இரண்டாமிடத்தையும் பெற்றன. கான்கார்டின் அழகை மறுப்பவன் அல்லன் நான். ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் பறப்பதற்காக இழைத்தெடுக்கப்பட்ட அந்த இறக்கையில், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று சேர்க்கப்பட்ட கோடு ஒன்றுகூட இல்லை. இருந்தும் அது அழகாக இருந்தது. ஆனால் அந்த விமானத்தில் பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது. கட்டப்பட்டவை மொத்தம் 20. ஒரு பயணத்தில் ஏறக்கூடியவர்கள் ஏறத்தாழ 100 பேர். 2003இல் அது பறப்பதையே நிறுத்திவிட்டது. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். வியந்து பார்க்கப்படும் பொருளும் சின்னம்தான் என்று ஒருவர் வாதிடலாம். வடிவமைப்பு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் வேறு. ஒரு பொருளைப் பற்றி எதுவுமே அறியாத ஒருவருக்கு, அவருக்கு அது தேவைப்படும் அந்தக் கணத்தில், அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற பொருள். 1924இல் நடந்த போட்டியில் கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் அளித்த வடிவம் தேர்வாகி, 1926 முதல் லண்டன் தெருக்களில் நிற்கத் தொடங்கியது. மரத்தால் செய்த அதன் முதல் மாதிரி இன்றும் லண்டனின் பிக்காடிலி தெருவில் ராயல் அகாடமி கலைக்கழகத்தின் வாயில் வளைவுக்குள் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் அருகில் சென்று பாருங்கள். நான்கு பக்கமும் மென்மையாகச் சரிந்து நடுவில் எழும் அந்தக் கூரை, செயின்ட் பாங்கிராஸ் பழைய தேவாலய வளாகத்தில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தம் குடும்பத்துக்காக எழுப்பிய கல்லறையின் மேற்பகுதியை அப்படியே நினைவூட்டும். ஸ்காட் அதற்கு வெள்ளி நிறம் பூசச் சொன்னார். அஞ்சல்துறை சிவப்பைப் பூசியது. பின்னர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி ஸ்காட்டே வரைந்து தந்த சிறிய வடிவம் நாடெங்கும் சுமார் 60,000 இடங்களில் நிறுவப்பட்டது. பேரழகுதான். ஆயினும் அதன் கனத்த கதவை முதியவர் ஒருவர் இழுத்துத் திறக்கத் திணறுவார். சக்கர நாற்காலியில் வருபவரோ உள்ளே நுழையவே முடியாது. இன்று பல கிராமங்களில் அது இரவல் நூலகமாகவும், இதயம் நின்றவரை மீட்கும் கருவியை வைக்கும் இடமாகவும் மாறிவிட்டது. ஊர் மக்கள் அதை இடிக்க விடாமல் காப்பாற்றுவது நல்ல செயலே. ஆனால் அவர்கள் காப்பாற்றுவது அதன் வடிவத்தை. அந்த வடிவம் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை முடிந்துவிட்டது.

மினி கார் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1956இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது உருவான தேவைக்கு, இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவில் பிறந்த அலெக் இசிகோனிஸ் 1959இல் அளித்த விடை அது. பத்தடி நீளமே உள்ள வண்டிக்குள் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, நான்கு பேர் உட்கார இடம் கண்டுபிடித்தார் என்பது பொறியியலில் பெரிய சாதனை. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அந்தச் சாதனை பயன்பட்டது.

என் தேர்வுக்கு உண்மையான எதிராளி ஹாரி பெக்கின் சுரங்க ரயில் வரைபடம். பொறியியல் வரைவாளராக இருந்த பெக், 1931இல் அதை வரைந்து கொடுத்தபோது நிர்வாகம் ஏற்கவில்லை. 1933 சனவரியில்தான் அது மடித்து வைத்துக்கொள்ளும் தாளாகப் பயணிகளின் கைக்கு வந்தது. பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே உள்ள தெருக்களைப் பற்றிய கவலை இல்லை, எந்த நிலையத்தில் ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது என்பதே அவன் கவலை என்று கண்டுகொண்டு, எல்லாத் தடங்களையும் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு என்ற மூன்றுக்குள் அடக்கினார் அவர். உலகின் பல நகரங்களில் ரயில் வரைபடங்கள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்தில் நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தாள்தான் லண்டனாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே முதல் வாரத்தில் நான் லெஸ்டர் சதுக்கத்தில் ரயிலேறி, அடுத்த நிலையமான காவென்ட் கார்டனில் இறங்கினேன். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு 260 மீட்டர். படியிறங்கிக் காத்திருந்து ஏறி இறங்கி மீண்டும் மேலே வரும் நேரத்தில் இரண்டு முறை நடந்து போய் வந்திருக்கலாம். வரைபடத்தில் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே, அடுத்தடுத்த மற்றப் பல புள்ளிகளுக்கு இடையே இருப்பதைப் போன்ற இடைவெளிதான் இருந்தது. பெக்கின் மேதைமை எதை விலக்கிவைத்ததோ, அதுவே ஊருக்குப் புதியவனுக்குத் தேவைப்படும் செய்தியாக இருந்தது. இதை அந்த வரைபடத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. அது ஒரு நகரத்துக்காக, தண்டவாளத்தின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட பயணிக்காகச் செய்யப்பட்டது. வண்டியை ஓட்டும் பொறுப்பு அவனிடம் இல்லை.

சாலைப் பலகையைப் படிப்பவனின் நிலைமை முற்றிலும் வேறு. மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 31 மீட்டர் கடந்துவிடும். இருநூறு மீட்டர் தொலைவில் ஒரு பெயரை அடையாளம் கண்டால், முடிவெடுத்துத் தடம் மாறுவதற்கு இருப்பது ஏறத்தாழ ஆறரை நொடி. மழையும் இருளும் பின்னால் ஒரு லாரியின் வெளிச்சமும் சேர்ந்துகொண்டால் அதுவும் குறையும்.

1950களின் சாலைகளில் இந்த ஆறரை நொடியைப் பற்றிச் சிந்தித்த பலகைகள் மிகக் குறைவு. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமைப்புகள் நட்டவை, முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேபிடல்), நெருக்கியடித்து எழுதப்பட்டவை. பள்ளிக்கூடம் அருகில் இருக்கிறது என்று அறிவிக்க எரியும் தீப்பந்தம் ஒன்றை வரைந்திருந்தார்கள். அறிவின் ஒளி என்று பொருளாம். 1961இல் வரைகலைஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் லண்டன் நடுப்பகுதியிலிருந்து விமான நிலையம் வரை போகும் வழியில் இருந்த பலகைகளைப் படம்பிடித்து வெளியிட்டபோது அந்தக் குழப்பம் எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாயிற்று. அதற்கு முன்பே, நாட்டின் முதல் மோட்டார்வேயான, அதாவது அதிவேக நெடுஞ்சாலையான, பிரெஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பரில் திறக்கப்பட இருந்த நிலையில், அதற்குரிய பலகைகளை வகுக்க சர் காலின் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழு பணியை ஒப்படைத்தது ஜாக் கின்னியர் என்ற வடிவமைப்பாளரிடம். அவர் துணைக்கு அழைத்துக்கொண்டது செல்சி கலைப்பள்ளியில் தம்மிடம் பயின்ற மார்கரெட் கால்வர்ட்டை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து பதின்ம வயதில் இங்கே வந்த பெண் அவர். பின்னர் மற்ற எல்லாச் சாலைகளுக்குமாக சர் வால்டர் வொர்பாய்ஸ் தலைமையில் அமைந்த குழுவுக்கும் இவ்விருவரே பணியாற்றினார்கள். அவர்கள் வகுத்த முறை 1965 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் செய்ததில் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க விரும்புகிறேன். ஊர்ப்பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால், தொலைவிலிருந்து பார்க்கும்போது எல்லாப் பெயரும் ஒரே நீள்சதுரமாகத் தெரியும். முதலெழுத்தை மட்டும் பெரிதாக வைத்து மற்றவற்றைச் சிறிய எழுத்தில் எழுதினால், மேலே நீளும் கால்களும் கீழே இறங்கும் வால்களும் சேர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் தனி உருவத்தைக் கொடுக்கும். ஓட்டுபவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அந்த உருவத்தை அடையாளம் கண்டுவிடுவார். இதற்காகவே டிரான்ஸ்போர்ட் என்ற எழுத்துருவை வரைந்தார்கள். ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தின் அடியில் ஒரு சிறு வளைவு இருப்பதை நாளைக்கே பார்க்கலாம். அது பெரிய ‘ஐ’யோடும் எண் ஒன்றோடும் குழம்பாமல் இருப்பதற்கு உதவுகிறது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு தனி ஓட்டின் (டைல்) மேல் இருப்பதுபோல் அளவெடுத்ததால், நாட்டின் எந்த மூலையில் இருக்கும் பட்டறையும் ஓடுகளை அடுக்கினாலே எழுத்துகளுக்கிடையே சரியான இடைவெளி தானாக அமைந்துவிடும். அதுவரை கையில் கிடைத்த பலகைக்குள் பெயரைத் திணித்தார்கள். இவர்களோ, ஊர்ப்பெயருக்கு ஏற்பப் பலகையின் அளவு அமையட்டும் என்றார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் அவர்கள் செய்தவற்றுள் மிகப் பெரியது என்பது என் கருத்து.

அவர்களை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கல்லில் எழுத்து வெட்டும் கலைஞரான டேவிட் கிண்டர்ஸ்லி, முழுவதும் பெரிய எழுத்துகளால் ஆன தம் எழுத்துருவே மேல் என்று உறுதியாக நம்பினார். ஆக்ஸ்போர்டுஷயரின் பென்சன் விமானத்தளத்தில் தன்னார்வலர்களை உட்காரவைத்து, கூரைமேல் பலகை பொருத்திய காரை அவர்களை நோக்கி ஓட்டிச் சோதித்தார்கள். தெளிவில் கிண்டர்ஸ்லியின் எழுத்து மயிரிழையில் முந்தியது. வேறுபாடு அவ்வளவு சிறியதாக இருந்ததால் தோற்றத்தையும் கருத்தில் கொண்டு கின்னியரின் எழுத்தையே தேர்ந்தார்கள். இதை நான் மறைக்கக் கூடாது. எழுத்து மட்டுமே போட்டி என்றால் கிண்டர்ஸ்லிக்கு மனக்குறை இருந்திருப்பது நியாயமே. ஆனால் கின்னியரும் கால்வர்ட்டும் தந்தது எழுத்தை மட்டுமன்று. எழுத்து, நிறம், இடைவெளி, படம், அம்பு எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு முறையை. பலகைகளை லண்டன் ஹைட் பூங்காவின் மரங்களில் சாத்திவைத்து எட்ட நின்று பார்த்தும், நிலவறைக் கார் நிறுத்தத்தில் வைத்துப் பார்த்தும் அதைச் செப்பம் செய்தார்கள்.

வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், செவ்வகம் செய்தி சொல்லும். இந்த இலக்கணத்தின் அடிப்படை ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் உயிரை வைத்தது கால்வர்ட்டின் கை. கால்நடை எச்சரிக்கைப் பலகையில் நிற்கும் மாட்டுக்கு மாதிரி, வார்விக்‌ஷயரில் அவருடைய உறவினரின் பண்ணையில் இருந்த பேஷன்ஸ் என்ற பசு. பள்ளிப் பிள்ளைகளைக் குறிக்கும் பழைய படத்தில் தொப்பியணிந்த சிறுவன் ஒருவன் சிறுமியை நடத்திச் செல்வான். கால்வர்ட் அதை மாற்றி, தம் சிறுவயதுப் புகைப்படத்தை வைத்துச் சிறுமியை வரைந்து, அவள் ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப் போவதாக அமைத்தார். இன்றும் இந்த நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கு அருகிலும் அக்காதான் தம்பியைச் சாலை கடத்துகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை யார்க்‌ஷயர்ப் பக்கம் அழைத்துப் போனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரு பக்கமும் கற்சுவர் எழுப்பிய குறுகலான சாலையில், பலகையில் கண்ட ஓர் ஊரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று நான் யோசித்துக்கொண்டு ஓட்டும்போது, பக்கத்து இருக்கையிலிருந்து, “மாடு குறுக்கே வரும்போல இருக்கு தம்பி, பாத்துப் போ” என்றார். வளைவைத் தாண்டியதும் பண்ணையாள் ஒருவர் பசுக்களை மறுபுறம் ஓட்டிக்கொண்டிருந்தார். என் அளவுகோல் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அன்று அந்த முக்கோணம் அதை நிறைவேற்றியது. அதை நட்டவர்கள் என் அம்மாவை எதிர்பார்த்து நடவில்லை. ஆனாலும் அது அவரிடம் பேசியது.

சுரங்க ரயில் வரைபடத்தைக் கோப்பையில் அச்சிட்டு விற்கிறார்கள், தொலைபேசிக் கூண்டைச் சாவிக்கொத்தில் தொங்கவிடுகிறார்கள், உங்கள் கைகாட்டியை யார் வாங்குவார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாரும் வாங்க வேண்டாம். கார்ன்வாலின் மீன்பிடி ஊரிலிருந்து ஷெட்லாந்துத் தீவுகள் வரை, அது ஏற்கெனவே எல்லோருடையதாகவும் இருக்கிறது.

கின்னியர் 1994இல் மறைந்தார். கால்வர்ட் தம் எழுபதுகளில் ஹென்ரிக் குபெல் என்ற இளைய கலைஞரோடு சேர்ந்து அந்த எழுத்துருவைக் கணினிக்காகப் புதிதாக வரைந்தார். 2012இல் அரசின் சேவைகளை ஒரே இணையதளத்தில் கொண்டுவரத் தொடங்கியபோது அதற்கு இந்த எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது வண்டி பழகுவதற்கான தற்காலிக உரிமத்துக்கு இன்றிரவு விண்ணப்பித்தால், திரையில் விரியும் அந்த எழுத்துகளின் ‘எல்’லை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அடியில் அதே வளைவு இருக்கும்.