பூனைப்பருந்து என்றொரு விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

பூனைப்பருந்தைப் பார்த்திருக்கிறீர்களா? பயிரை உரசிவிடுமோ என்று நினைக்கிற அளவுக்குத் தாழ்ந்து, சிறகை அதிகம் அடிக்காமல் வயல் மேலே மிதந்து வரும். ஜெர்மன் மொழியில் அதற்கு வைஹே என்று பெயர். அந்தப் பெயரோடு 1935-இல் முதன்முதலாகப் பறந்த இரட்டை இன்ஜின் விமானம்தான் ஃபோக்கே-வுல்ஃப் 58.

பிரேமன் நகரத்து ஃபோக்கே-வுல்ஃப் கம்பெனியில் அப்போது வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் குர்ட் டாங்க். அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் 190 என்ற சண்டை விமானத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்த வைஹே மேல்தான் பிரியம். காரணம், இது சொல்லிக்கொடுத்த விமானம்.

பார்க்க எளிமையான வண்டி. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன் மேல் பெரும்பாலும் துணி. இறக்கையின் நீளம் 21 மீட்டர். இரண்டு ஆர்கஸ் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் 240 குதிரைத்திறன். எட்டு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கும். அதனால் இன்ஜின் நின்று கிடக்கும்போது எண்ணெய் கீழே இறங்கி சிலிண்டருக்குள் தேங்கும். இப்படிப்பட்ட இன்ஜினைக் கிளப்பும் முன் மெக்கானிக் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். எங்காவது இறுகி நின்றால், அப்புறம் பலம் காட்டக்கூடாது. எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மறுவேலை.

சரி, இரண்டு இன்ஜின் எதற்கு? ஒற்றை இன்ஜினில் பழகியவனுக்கு அது நின்றால் கீழே இறங்க இடம் தேடுவதுதான் வேலை. இரண்டில் ஒன்று நின்றால் கதையே வேறு. ஓடுகிற இன்ஜின் தன் பக்கத்தை முன்னே தள்ளும், மூக்கு நின்ற இன்ஜின் பக்கமாகத் திரும்பும். அதை நேராக்க எதிர்ப்பக்கப் பெடலை அழுத்திப் பிடிக்கவேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இன்ஜின்தான் நின்றுவிட்டது. பதற்றத்தில் கண் ஏமாற்றும், கால் ஏமாற்றாது. இதைப் புத்தகத்தில் படித்து என்ன பயன்? தொடை நடுங்க அழுத்திப் பார்த்தால்தான் உடம்பில் ஏறும். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அதற்கு இடம் கொடுத்த விமானம் இது. குண்டு வீசுபவர், ரேடியோக்காரர், துப்பாக்கிக்காரர் என்று மற்றவர்களும் இதில்தான் பழகினார்கள்.

அந்த மாணவர்கள் அடுத்து ஏறியது குண்டுவீச்சு விமானங்களில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் வார்சாவிலும் ராட்டர்டாமிலும் எரிந்த வீடுகளை மறந்துவிட்டு இந்த விமானத்தைப் பாராட்ட எனக்கு மனம் வராது. இதே வைஹே போரில் காயம்பட்டவர்களையும் சுமந்தது. அதனால் சிப்பாய்கள் இதற்கு பிளாஸ்திரி பாம்பர் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இரண்டும் உண்மை.

டாங்க் போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய், அங்கிருந்து இந்தியா வந்தார். பிறகு பெங்களூரில் நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானமான மாருத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. அதிலும் இரண்டு இன்ஜின்.

வைஹேயைப் பிரேசிலும் உரிமம் வாங்கி, ரியோ டி ஜெனிரோவின் கலேயோவில் கட்டியது. அதில் ஒன்று இன்றும் ரியோவின் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற நேயர்கள் யாராவது இருந்தால், விமானி இருக்கைக்குக் கீழே குனிந்து அந்த இரண்டு பெடல்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.