பாதத்தை இழுக்காத எலிக்கு வலி இல்லையா?

அவையோருக்கு வணக்கம். கஞ்சா கொடுத்தால் எலிக்கு நரம்பு வலி தணிகிறது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அந்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

எலிக்கு நரம்பு வலியை உண்டாக்க, 1988-இல் பென்னெட், ஷீ என்ற ஆய்வாளர்கள் விவரித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எலியை மயக்கி, தொடை நடுவே காலுக்கு ஓடும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பை வெளியே எடுத்து, குரோமிக் என்ற அறுவைத் தையல் நூலால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு தளர்வாக இருக்கவேண்டும். நரம்பு தானே வீங்கி நூலில் நெரிபடும். இறுக்கிவிட்டால் பாதம் மரத்துப்போகும். எலி தன் விரலையே கடித்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் முடிச்சு மாறும் என்பதால், ஓர் ஆய்வின் எல்லா எலிகளுக்கும் ஒரே கைதான் கட்டவேண்டும். நரம்பைத் திறந்து, கட்டாமலே மூடிய எலிகளும் ஒப்பீட்டுக்குத் தேவை.

அடுத்தது அளவீடு. கம்பிவலைத் தரையில் எலி அடங்கி நிற்கும்வரை காத்திருந்து, கீழிருந்து வான் ஃப்ரே இழையை, அதாவது குறிப்பிட்ட விசையில் வளையும் மெல்லிய இழையை, பாதத்தில் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை அழுத்துவார்கள். 15 கிராமைப் பொறுத்த எலி, நரம்பு நெரிந்தபின் 2, 3 கிராமுக்கே காலை உதறும். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யை ஊசியில் கொடுத்தபின் அந்த எண் மேலே ஏறும். வலி தணிந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கேதான் சறுக்கல். டி.எச்.சி. போய் ஒட்டும் நரம்புசெல் ஏற்பியான சி.பி.1-ஐத் தூண்டினால் வலியுணர்வு மட்டுமா குறைகிறது? உடல் சூடு இறங்கும், நடமாட்டம் சுருங்கும், நிறுத்திய இடத்தில் பொம்மைபோல் நிற்கும். வலிக்காத எலியும் காலை இழுக்கத் தெம்பில்லாத எலியும் இழைக்குக் கொடுப்பது ஒரே எண். அதே அளவு மருந்தில் எலியைச் சுழலும் உருளையில் ஏற்றிப் பார்க்கவேண்டும். விழுந்தால் அந்த எண் செல்லாது. அந்த சி.பி.1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபான்ட் மருந்தைக் கொடுத்ததும் விளைவு மறைந்தது என்று சிலர் சான்று காட்டுவார்கள். அந்த மருந்து மந்தத்தையும் சேர்த்தே நீக்கும். ஏற்பி எது என்று சொல்லுமே தவிர, வலித்தணிப்பா மந்தமா என்று சொல்லாது. எந்த எலிக்கு மருந்து போனது என்பதை, ஊசிக்குழலில் வெறும் குறியீடு ஒட்டிப் பரிசோதகரிடம் மறைத்தாலும் பயனில்லை, எலி படுத்திருக்கும் கோலமே காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்தளவும் கண்ணை உறுத்துகிறது. எலிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பதை உடற்பரப்புக் கணக்கில் 6.2-ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 48 மில்லிகிராம். செயற்கை டி.எச்.சி.யான ட்ரோனபினால் 2.5, 5, 10 மில்லிகிராம் காப்ஸ்யூல்களாக வருகிறது.

இழைச் சோதனையைவிட நேர்மையான வழி, எலியையே தேர்ந்தெடுக்க விடுவது. இரண்டு அறை, ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்து கலக்காத வெறும் திரவம். சில நாள் பழக்கியபின் மருந்தில்லாமல் திறந்துவிட்டால், நிவாரணம் கிடைத்த அறைக்கு நரம்பு நெரிந்த எலி போகவேண்டும். காயமில்லாத எலி அந்த அறையை நாடக்கூடாது. நாடினால் அது தேடியது நிவாரணத்தை அல்ல, போதையை. இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டாத கட்டுரையை, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் அடுத்த பக்கத்துக்குக்கூடப் புரட்டுவதில்லை.