எழும்பூரில் தொடங்கிச் செல்சியில் வளர்ந்த கல்லூரி

தலைவர் அவர்களே, ஆசிரியைப் பெருமக்களே, நாளை வகுப்பறைக்குச் செல்லவிருக்கும் மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக லண்டனில் தோன்றிய ஒயிட்லேண்ட்ஸ் கல்லூரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆயினும் அதன் கதையை எழும்பூரில் தொடங்குவதே முறை. 1789-இல் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காகச் சென்னையில் நிறுவப்பட்ட அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். முன்னே படித்த பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை, நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைவூட்டும் அந்த வழக்கத்தை, அவர் ஒரு முறையாகவே வகுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக இங்கிலாந்துத் திருச்சபையினர் 1811-இல் அமைத்த நேஷனல் சொசைட்டி, தன் பள்ளிகளில் இம்முறையையே கைக்கொண்டது.

செலவு குறைவு என்பதே அதன் பெருங்கவர்ச்சி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் நடத்திவிடலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையால் தான் பாடம் பண்ணியதை மற்றொரு பிள்ளையை ஒப்பிக்கச் செய்ய முடியுமே தவிர, ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. 1841-இல் சொசைட்டி லண்டனின் செல்சிப் பகுதியில் ஆண்களுக்குச் செயின்ட் மார்க்ஸ் கல்லூரியையும், பெண்களுக்கு ஒயிட்லேண்ட்ஸையும் நிறுவியது. கிங்ஸ் ரோட்டில் இருந்த ஒயிட்லேண்ட்ஸ் ஹவுஸ் என்ற வீட்டின் பெயரே கல்லூரிக்கும் நிலைத்தது.

இந்த ஆண்டைச் சற்று நினைவில் வையுங்கள். லண்டனில் பெட்ஃபோர்டு கல்லூரி தோன்றியது 1849-இல். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் 1869-இல். பெண்கள் உயர்கல்வியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்து தொடங்குகிறார்கள். சம்பாதித்துப் பிழைக்க வேண்டிய குடும்பங்களின் பெண்கள் அதற்கு முன்பே வீட்டை விட்டு வந்து, விடுதியில் தங்கிப் படித்தார்கள் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

அவர்கள் படித்த படிப்போ இரட்டைச் சுமையாக இருந்தது. 1846-இல் அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, பதின்மூன்று வயதில் பள்ளியில் சேர்ந்து ஐந்தாண்டுகள் கற்பித்துக்கொண்டே கற்றவர்கள், தேர்வெழுதி உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரிக்கு வரலாம். பெண்களுக்குத் தொகை குறைவு. இலக்கணமும் கணக்கும் வேதபாடமும் படித்த கையோடு, தையலையும் சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் வழியையும் அவர்கள் கற்க வேண்டியிருந்தது. ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டி, இத்தகைய அன்றாட வாழ்க்கை அறிவுக்கென்றே 1850-களில் ஒயிட்லேண்ட்ஸ் மாணவியருக்குப் பரிசுகள் அளித்தார். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், ஏழை வீட்டுப் பெண் படிக்கலாம், தன் நிலையை மறந்துவிடக் கூடாது என்ற அக்காலத்தின் கவலை அந்தப் பரிசுகளின் பின்னே நிற்பதாகவே நான் கருதுகிறேன்.

1874 முதல் 1907 வரை முதல்வராக இருந்த ஃபான்தார்ப் பாதிரியார், கலை விமர்சகர் ஜான் ரஸ்கினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். ரஸ்கின் கல்லூரிக்கு நூல்களையும் படங்களையும் கனிமக் கற்களையும் வாரி வழங்கினார். அவருடைய விருப்பப்படி 1881-இல் மே அரசி விழா தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவியர் தங்களுள் ஒருத்தியை அரசியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவளுக்கு ஒரு பொற்சிலுவை. ரஸ்கினின் நூல்களைத் தோழியருக்குப் பகிர்ந்தளிக்கும் உரிமையும் அவளுக்கே. ரஸ்கின் பெண்ணுரிமைப் போராளி அல்லர். கற்றவளும் பணிவோடு இல்லத்தை ஒளிரச் செய்ய வேண்டும் என்று எண்ணியவர். அப்படிப்பட்டவர் ஏற்படுத்திய விழாவில், முதல்வரோ ஆசிரியரோ சுட்டிக்காட்டாமல், மாணவியரே வாக்களித்து அரசியைத் தேர்ந்தார்கள். பிரிட்டனில் முப்பது வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1918-இல். ஆண்களுக்கு நிகரான உரிமை 1928-இல்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே இந்த இளம்பெண்கள் தங்களுள் யார் தகுதியுடையவள் என்று தாங்களே தீர்மானித்துப் பழகியிருந்தார்கள்.

1883-இல் எழுந்த கல்லூரிச் சிற்றாலயத்திலும் இதே உணர்வைக் காண்கிறேன். ஓவியர் பர்ன் ஜோன்ஸ் வரைந்த அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் நிற்பவர்கள் பெண் புனிதர்கள். பலிபீடத்தின் பின்னணி அலங்காரம் வடிவமைப்புக் கலைஞர் வில்லியம் மோரிஸின் கைவண்ணம்.

1918-இல் முதல்வராக வந்த வினிஃப்ரெட் மெர்சியர், லீட்ஸ் நகரப் பயிற்சிக் கல்லூரியில் நிர்வாகத்தோடு முரண்பட்டு 1916-இல் பதவி துறந்தவர். அவர் காலத்தில் கல்லூரி செல்சியை விட்டு லண்டனின் மற்றொரு பகுதியான பட்னிக்குச் சென்றது. கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த கட்டடத்தை 1931-இல் பிரிட்டனின் மேரி அரசியார் திறந்துவைத்தார். இவ்வளவு பயிற்சி பெற்ற ஆசிரியையும் அந்நாளில் திருமணம் செய்துகொண்டால் பல ஊர்களில் வேலையை இழக்க வேண்டும். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அந்தத் தடையை நீக்கியது.

1960-களில் ஆண்களும் சேர்ந்தார்கள். இன்று ஒயிட்லேண்ட்ஸ், ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக, பார்க்ஸ்டெட் ஹவுஸ் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில் இயங்குகிறது. பர்ன் ஜோன்ஸின் பெண் புனிதர்களும் அங்கே உடன் சென்றிருக்கிறார்கள். மே விழா இன்னும் நடைபெறுகிறது; 1980-களிலிருந்து ஆண் மாணவரும் அந்த முடிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம்.