பெரிய சண்டைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் சீசனில் சபாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மதியம் பாடும் இளைஞருக்கு எதிரே பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். குத்துச்சண்டையிலும் அப்படித்தான். பெரிய சண்டைக்கு முன் நடப்பவற்றை அண்டர்கார்டு என்பார்கள். நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டு, எட்டு ரவுண்டு என்று ஏறிக்கொண்டே போகும். முதல் மணி அடிக்கும்போதே போய் உட்காருங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வேன்.

1975 அக்டோபர் 1, மணிலா. முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாவது முறை மோதிய நாள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காகக் காலையிலேயே சண்டையை வைத்துவிட்டார்கள். அரங்கத்துக்குள் தாங்க முடியாத புழுக்கம். 14 ரவுண்டு முடிந்ததும் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். இதுவரை பலருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் அதே வளையத்தில் ஏறியவர் லாரி ஹோம்ஸ். 25 வயது. பயிற்சியில் அலிக்கு எதிரே நின்று குத்து வாங்கிப் பழகியவர். ராட்னி பாபிக் என்பவரை ஆறாவது ரவுண்டில் வென்றார். பெயரை நினைவில் வையுங்கள், லாரி ஹோம்ஸ். இடது கையை நீட்டி அடிக்கும் குத்து இருக்கிறதே, ஜாப், அதில் அவரை மிஞ்ச ஹெவிவெயிட்டில் ஆள் கிடையாது என்பேன்.

1978இல் கென் நார்ட்டனை 15 ரவுண்டு அடித்து உலகப் பட்டம் வாங்கினார். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டாரே, அதே ஆண்டு அக்டோபர் 2, லாஸ் வேகஸ். மணிலாவுக்குப் பிறகு சரியாக ஐந்து ஆண்டும் ஒரு நாளும். எதிரே அதே ஹோம்ஸ். 38 வயது அலியால் கையைத் தூக்கக்கூட முடியவில்லை. 10 ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதுவிட்டார். மணிலாவில் அந்தச் சின்னச் சண்டையைப் பார்த்தவர்கள் இவரை அன்றைக்கே பார்த்தவர்கள்.

அப்புறம், ஸ்விங் பவுட் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு உள்ளே காத்திருப்பார்கள். மற்ற சண்டைகள் சீக்கிரம் முடிந்தால் இடையில் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போதுதான் இவர்கள் முறை. அவர்களுக்காகவும் கொஞ்சம் உட்காருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, குத்துச்சண்டை வீராங்கனை கிறிஸ்டி மார்ட்டினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 மார்ச், மைக் டைசனும் ஃபிராங்க் புரூனோவும் மோதிய சண்டைக்கு முன்னால், அயர்லாந்தின் டெய்ட்ரே கோகார்ட்டியோடு 6 ரவுண்டு. மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய நின்று ஜெயித்தார். டைசன் மூன்றாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார். அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அட்டையில் வந்தது மார்ட்டின் படம். வணக்கம்.