சாயம் வெளுக்கும் வெயில்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை செல்லூரில் வளர்ந்தவள். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. சாயத்தில் முக்கியெடுத்த நூல் சிட்டங்களை மூங்கில் கழியில் கோத்து வைகைக் கரையோரம் காயப்போடுவார்கள். சில சாயங்களுக்கு வெயில் ஆகாது. "நிழல்ல போடு தாயி, வெளுத்துரும்" என்பார் அப்பா. வெயில் பட்டால் ஏன் வெளுக்கிறது? முப்பது வருஷம் கழித்து என் ஆராய்ச்சி அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

நான் வேலை செய்வது பாலிமர் சூரிய மின்கலங்களில். பாலிமர் என்றால் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. பருத்தி நூலும் பாலிமர்தான், பிளாஸ்டிக் வாளியும் பாலிமர்தான். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்றுதான் வயரைச் சுற்றி அதைப் போடுகிறோம். ஆனால் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரோடு அயோடினைச் சேர்த்தால் அது உலோகம்போல மின்சாரம் கடத்தும் என்று ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா ஆகியோர் 1977இல் காட்டினார்கள். 2000இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் சூட்சுமம் சங்கிலியின் பிணைப்பில் இருக்கிறது. ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வரும். எம்.எஸ்சி. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அப்பாவின் சாயங்களுக்கு நிறம் கொடுப்பதும் அதே மாறி வரும் பிணைப்புதான்.

வெளிச்சம் பாலிமரில் பட்டதும் ஒரு எலக்ட்ரான் கிளம்புகிறது. ஆனால் தன் ஜோடியை, அதாவது தான் கிளம்பி வந்த காலியிடத்தை, விட்டு லேசில் பிரியாது. பத்து நானோமீட்டர் தூரத்துக்குள் அதை இழுத்துக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். 1992இல் சாரிசிஃப்ட்சியும் ஹீகரும் கால்பந்து வடிவக் கார்பனான ஃபுல்லரீன் அதைச் செய்கிறது என்று கண்டார்கள். 1995இல் ஹீகரின் குழுவினர் பாலிமரையும் ஃபுல்லரீனையும் ஒன்றாகக் கலந்தே பூசினார்கள். பொங்கலில் அரிசியும் பருப்பும் கலந்திருக்கிறதே, அப்படி. எங்கே கை வைத்தாலும் இரண்டும் கிடைக்கும்.

முதன்முதலாக நான் அந்தப் படலத்தைச் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பி3எச்டி என்ற பாலிமரின் கரைசல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கண்ணாடித் துண்டின் நடுவில் ஒரு சொட்டு விட்டுச் சுழலவிட வேண்டும். ஈரம் காயக் காய, கண்ணெதிரிலேயே ஆரஞ்சு மாறிக் கத்தரிப்பூ நிறம் ஏறும். தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்குதான் அந்தப் படலம். சாயத் தொட்டியிலிருந்து சிட்டத்தைத் தூக்கிக் காட்டும் அப்பாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, அப்புறம் மதுரைக்குத் திரும்பி வந்தேன். சோதனைக்கூட விதிப்படி கலத்தை 25 டிகிரியில் வைத்து அளக்க வேண்டும். நம் ஊர் மொட்டை மாடியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? வெயிலில் கிடக்கும் தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அதனால் சித்திரைத் திருவிழாக் கொடியேறிய அன்று மேல்மூடி இல்லாத சில கலங்களை மாடியில் வைத்தோம். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் எல்லாம் வெளிறிவிட்டன. மின்னோட்டமும் நின்றுவிட்டது. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த மாறி வரும் பிணைப்புகளை அறுக்கின்றன. சங்கிலி அறுந்தால் நிறமும் போய்விடும், மின்சாரமும் போய்விடும். அப்பா சொன்ன அதே வெளுப்பு.

ஆக்சிஜனை அடைத்தாலும் வேலை முடியவில்லை. சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் பொங்கல் பிரிகிறது. அரிசி தனியே, பருப்பு தனியே திரள்கிறது. இதைத் தடுப்பதில்தான் என் காலம் பெரும்பாலும் போயிற்று.

உலகம் திறனைத்தான் பேசுகிறது, அதாவது விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்பதை. 1986இல் சிங் டாங் என்ற விஞ்ஞானி கார்பன் சேர்மங்களால் செய்த கரிமக் கலம் ஒரு சதவீதம் தந்தது. 2019இல் ஃபுல்லரீனுக்குப் பதிலாக ஒய்6 என்ற மூலக்கூறு வந்ததும் 15 சதவீதத்தைத் தாண்டியது. இன்று ஆய்வுக்கூடங்களில் 19ஐயும் தாண்டிவிட்டது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வருஷத்தில் வெளுக்கும் 19ஐவிட, பத்து வருஷம் நிற்கும் 12ஐத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

கமுதியில் 648 மெகாவாட் சிலிக்கான் தகடுகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கனமான கண்ணாடித் தகட்டைத் தறிக் கூடத்துத் தகரக் கூரை தாங்காது. பாலிமர் கலத்தைப் பத்திரிகை அச்சடிப்பதுபோல மெல்லிய தாளில் அச்சடிக்கலாம். சுருட்டித் தோளில் வைத்து மேலே ஏற்றலாம். ஒளி ஊடுருவும்படி செய்தால் பசுமைக் குடிலின் கூரையாகவும் போடலாம்.

போன பங்குனியில் வைத்த ஒரு பட்டை இப்போது எங்கள் மாடியில் இருக்கிறது. ஓரமெல்லாம் பசை போட்டு அடைத்தது. என் மாணவி தினமும் பத்து மணிக்கு ஏறி அளவெடுக்கிறாள். முதல் நாள் வந்த மின்னோட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இன்னும் வருகிறது. அது போதாது. ஒருநாள் அப்பாவை மாடிக்குக் கூட்டிப் போனேன். குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "சாயம் நிக்குது. எத்தனை மழை தாங்கும்?" என்றார். ஒரு ஐப்பசி தாண்டியிருக்குப்பா, அடுத்த ஐப்பசியையும் பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன்.

நன்றி, வணக்கம்.